பல கேமரா வீடியோவோடு தனி ரெக்கார்டர் ஒலியைப் பொருத்துவது எப்படி?

முதல் நிமிடத்தில் உதட்டசைவும் ஒலியும் பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் புதிதாக எடிட்டிங் பழகுபவர்கள் செய்யும் பெரிய தவறு. ஒரு மணி நேரப் பதிவு என்றால் கடைசி 2 நிமிடங்களையும் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஒலி அங்கேதான் விலகியிருக்கும்.

படி 1: படப்பிடிப்பின்போது

எல்லாக் கேமராவிலும் ஒரே பிரேம் ரேட் (ஒரு நொடிக்கு எத்தனை பிரேம், அதாவது படம், என்ற கணக்கு) வையுங்கள்: 25 என்றால் எல்லாமே 25. ரெக்கார்டரின் ஒலித்தர அமைப்பில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். கேமராவின் சொந்த மைக்கை அணைக்க வேண்டாம். அந்த ஒலி கரகரப்பாக இருந்தாலும், பொருத்துவதற்கு அடையாளம் அதுதான்.

எல்லாக் கருவிகளும் ஓடத் தொடங்கியதும், ரெக்கார்டர் மைக்கின் அருகில் நின்று, எல்லாக் கேமராவுக்கும் தெரியும்படி பளிச்சென்று ஒருமுறை கைதட்டுங்கள். நிறுத்துவதற்கு முன் இன்னொருமுறை. இந்த இரண்டாவது கைதட்டலைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒலி எவ்வளவு விலகியது என்று அளக்க அதைவிட எளிய வழி கிடையாது.

படி 2: கோப்புகளைச் சரிபார்த்தல்

செல்போன் வீடியோ இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். போன் பிரேம் ரேட்டைக் கூட்டிக் குறைத்தபடி பதிவு செய்யும்; எடிட்டிங்கில் ஒலி சில இடங்களில் முந்தும், சில இடங்களில் பிந்தும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான பிரேம் ரேட்டுக்கு மாற்றிய பிறகே அதை எடிட்டிங்குக்குக் கொண்டுவாருங்கள்.

நீண்ட பதிவை கேமரா பல கோப்புகளாக உடைத்திருந்தால், அவற்றை வரிசையாக இடைவெளியின்றி ஒட்டிவையுங்கள். கேமராவே நின்று, மறுபடி ஓடியிருந்தால் கதை வேறு. அந்தத் துண்டைத் தனியாகப் பொருத்த வேண்டும்.

படி 3: கையால் பொருத்துதல்

மென்பொருளே இதைச் செய்யும் என்றாலும், ஒருமுறை கையால் செய்து பழகுங்கள். கேமரா கிளிப்புகளை மேலே தனித்தனி டிராக்கிலும் (வரிசையிலும்), ரெக்கார்டர் ஒலியைக் கீழேயும் போடுங்கள். கைகள் ஒன்றையொன்று தொடும் முதல் பிரேமில் மார்க்கர் (அடையாளக் குறி) வையுங்கள். ஒலி அலையில் அந்தத் தட்டல் கூர்மையான முள் போல நிற்கும்; அங்கும் ஒரு மார்க்கர். இரண்டையும் நேர்கோட்டில் கொண்டுவந்து, கேமரா ஒலியையும் ரெக்கார்டர் ஒலியையும் சேர்த்து ஓட்டுங்கள். எதிரொலி போல இரட்டையாகக் கேட்டால் இன்னும் பொருந்தவில்லை. குழாய்க்குள் பேசுவதுபோல் கேட்டால் சில மில்லிசெகண்டே வித்தியாசம், போதும். பிறகு கேமரா ஒலியை மியூட் செய்யுங்கள்.

படி 4: மென்பொருளிடம் விடுதல்

டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில், மீடியா பூலில் (கோப்புகள் இருக்கும் பகுதியில்) எல்லாக் கிளிப்புகளையும் ரெக்கார்டர் கோப்பையும் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் மல்டிகேம் கிளிப் (பல கேமராக்களை ஒன்றாகக் கட்டிய கிளிப்) உருவாக்கும் கட்டளையைக் கொடுங்கள். ஆங்கிள் சிங்க் என்ற இடத்தில் சவுண்ட் என்று வையுங்கள். கேமரா மாற்றி மாற்றி வெட்டும்போது வீடியோ மட்டும் மாறும்படி அமைப்பது முக்கியம். இல்லையென்றால் ஒவ்வொரு வெட்டிலும் ஒலியும் தாவும். பிரீமியர் புரோவிலும் ஆடியோவை வைத்து மல்டிகேமரா சீக்வென்ஸ் உருவாக்கலாம். கேடென்லைவில் ஒரு கிளிப்பை ஆடியோ ரெஃபரன்ஸாகக் குறித்து, மற்றவற்றை அதோடு அலைன் செய்யலாம்.

ஒரே தாளம் திரும்பத் திரும்ப வரும் இசை, ஏறக்குறைய மௌனமான பகுதி, ஒலி உச்சத்தில் முட்டி உடைந்த பதிவு: இந்த மூன்றிலும் மென்பொருள் தவறான இடத்தில் ஒட்டிவிடும். அப்போது கைதட்டலே துணை.

தூரத்துக் கேமராவின் சிக்கல்

ஒலி ஒரு நொடியில் சுமார் 343 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 14 மீட்டர் பின்னால் இருக்கும் கேமராவுக்கு ஒலி 40 மில்லிசெகண்ட், அதாவது 25 பிரேம் ரேட்டில் 1 பிரேம், தாமதமாக வந்து சேரும். காட்சிக்கு அந்தத் தாமதம் இல்லை. மென்பொருள் ஒலியை மட்டும் பார்த்துப் பொருத்துவதால், அந்தக் கேமராவின் காட்சி ஒலிக்கு முன்னதாகவே போய்விடும். ஒலி அலை கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். உதடு மட்டும் உறுத்தும். அந்தக் கிளிப்பை 1 பிரேம் வலப்பக்கம் தள்ளுங்கள். 28 மீட்டர் என்றால் 2 பிரேம்.

படி 5: விலகலைத் திருத்துதல்

ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு படிகக் கடிகாரம் ஓடுகிறது. இரண்டு கடிகாரங்கள் பத்து லட்சத்தில் 20 பங்கு மாறுபட்டாலே, ஒரு மணி நேரத்தில் 72 மில்லிசெகண்ட் விலகும். கிட்டத்தட்ட 2 பிரேம்.

கடைசிக் கைதட்டலில் எத்தனை பிரேம் வித்தியாசம் என்று எண்ணுங்கள். 60 நிமிடத்தில் 3 பிரேம் என்றால், 10, 30, 50ஆவது நிமிடங்களை ஒட்டிப் பேச்சு நிற்கும் இடத்தில் ஒலியை வெட்டி, ஒவ்வொரு முறையும் 1 பிரேம் நகர்த்துங்கள். எந்த இடத்திலும் பிழை ஏறக்குறைய அரை பிரேமைத் தாண்டாது. கடைசியில் மொத்தமாக 3 பிரேம் நகர்த்தினால் நடுப்பகுதி முழுவதும் கெட்டிருக்கும். இடைவெளியே இல்லாத இசை என்றால் ஒலியைத் தொடாதீர்கள். கேமரா மாறும் வெட்டில் காட்சியை 1 பிரேம் நகர்த்துங்கள், பார்ப்பவருக்குத் தெரியாது.

விலகல் ஒரு மணி நேரத்துக்கு 3.6 நொடி என்றால் அது கடிகாரப் பிழையல்ல. 29.97 பிரேம் கிளிப்பை 30 என்று, அல்லது 30ஐ 29.97 என்று மென்பொருள் எடுத்துக்கொண்டிருக்கிறது. கிளிப்பின் பண்புகளில் பிரேம் ரேட்டைத் திருத்திவிட்டு, படி 3லிருந்து மறுபடி தொடங்குங்கள்.