புறநகரில் முதல் வீடு வாங்குகிறீர்களா? வீட்டைக் கடைசியில் பாருங்கள்

முதல் வீடு வாங்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் சமையலறையில் விழுந்துவிடுகிறார்கள். பளபளவென்ற தரை, பெரிய ஜன்னல், பின்னால் கொஞ்சம் தோட்டம் என்று பார்த்ததுமே மனசு முடிவு செய்துவிடும். தரையை நாளைக்கே மாற்றலாம், சமையலறையை இடித்துக் கட்டலாம். பக்கத்தில் ஓடும் நெடுஞ்சாலையை நகர்த்த முடியாது, வேலைக்குப் போய்வர ஆகும் நேரத்தையும் குறைக்க முடியாது. அதனால் இங்கே வரிசையை மாற்றியிருக்கிறேன். முதலில் பணம், அப்புறம் பகுதி, அப்புறம் தெரு. வீட்டுக்குள் நுழைவது அதற்குப் பிறகுதான்.

படி 1: கடனைக் கணக்குப் போடுங்கள்

மாதத் தவணை எவ்வளவு வரும் என்று மட்டும் பார்த்தால் போதாது, மொத்தம் எவ்வளவு கட்டி முடிப்பீர்கள் என்று பாருங்கள். உதாரணத்துக்கு, 8 சதவீத வட்டியில் 100 பங்கு கடன் வாங்கி 20 வருடத்தில் அடைத்தால், கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய 201 பங்கு கொடுத்திருப்பீர்கள். அதே கடனை 15 வருடத்தில் அடைத்தால் 172 பங்கு. தவணை கூடுவது சுமார் 14 சதவீதம்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த 20 வருடக் கடனில் முதல் தவணையில் ஏறக்குறைய 80 சதவீதம் வட்டிக்கே போய்விடும். மூன்று நான்கு வருடத்தில் விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போகும் எண்ணம் இருந்தால் அசல் பெரிதாகக் குறைந்திருக்காது. அப்படிப்பட்டவர்களுக்கு வாடகை வீடே நல்லது என்பேன்.

விலைக்கு மேல் பதிவுச் செலவு, வரி, வழக்கறிஞர், வீட்டைச் சோதிக்கும் பொறியாளர் என்று ஒரு தொகை போகும். அது தவிர, பராமரிப்புக்கு ஆண்டுக்கு வீட்டு விலையில் 1 சதவீதம் ஒதுக்குவது பலரும் சொல்லும் தோராயக் கணக்கு. பழைய வீடென்றால் அதுவும் பத்தாது. புறநகரில் இன்னொரு செலவு சத்தமில்லாமல் வந்து சேரும், அது இரண்டாவது வண்டி. அதையும் வீட்டுச் செலவிலேயே எழுதுங்கள்.

படி 2: தூரத்தை நிமிடத்தில் அளங்கள்

இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994இல் ஒரு கட்டுரையில் சொன்னது: எந்தக் காலத்திலும் மனிதர்கள் ஒரு நாளில் பயணத்துக்குச் செலவிடும் நேரம் சராசரியாக ஒரு மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது. வாகனம் வேகமானால் வீடு தள்ளிப் போகிறது, நேரம் அப்படியே நிற்கிறது. புறநகர்கள் விரிந்த கதையும் இதுதான். நீங்கள் பார்க்கும் வீடு இந்த ஒரு மணி நேரத்தை எவ்வளவு தாண்டுகிறது என்று பாருங்கள். போக முக்கால் மணி, வர முக்கால் மணி என்று கூடினால், வருடத்துக்கு 230 வேலை நாளில் 345 மணி நேரம் சாலையில் போய்விடும். விலையில் மிச்சமான பணத்துக்கு இது ஈடாகுமா என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். ஏனென்றால் பெரும்பாலும் பயணம் செய்கிறவர் ஒருவர், விலையைப் பார்த்து மகிழ்கிறவர் இன்னொருவர்.

விளம்பரத்தில் வரும் ‘10 நிமிடத்தில் ரயில் நிலையம்’ அநேகமாக நடு இரவின் 10 நிமிடம். வேலை நாள் காலையில், நீங்கள் கிளம்ப வேண்டிய அதே நேரத்தில் அங்கிருந்து கிளம்பிப் பாருங்கள். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்றும் விசாரியுங்கள்.

நடையையும் மறக்க வேண்டாம். அமெரிக்கத் திட்டமிடலாளர் கிளாரன்ஸ் பெர்ரி 1929இல் குடியிருப்புப் பகுதிக்கு ஒரு வரைவு போட்டார். பள்ளி நடுவில் இருக்கும், வீடுகள் கால் மைல் தொலைவுக்குள் இருக்கும். கால் மைல் என்பது சுமார் 400 மீட்டர், ஐந்து நிமிட நடை. பள்ளி, மருந்துக் கடை, பேருந்து நிறுத்தம் இவற்றுக்கு நடந்தே போய்ப் பாருங்கள். வரைபடத்தில் கூப்பிடு தூரத்தில் தெரியும் கடை, முட்டுச் சந்துகள் நிறைந்த பகுதியில் ஒரு கிலோமீட்டர் சுற்றாகிவிடும்.

படி 3: தெருவை மூன்று வேளை பாருங்கள்

வேலை நாள் காலை, வேலை நாள் இரவு, விடுமுறை நாள் மாலை. நண்பகலில் மட்டும் கூட்டிக்கொண்டு போகும் தரகர் இருந்தால், காலையில் தனியாகப் போய்ப் பாருங்கள்.

இரைச்சலை ஃபோன் செயலியில் தோராயமாக அளக்கலாம். சாலை இரைச்சல் இரவில் சராசரியாக 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு ஐரோப்பாவுக்கான 2018 வழிகாட்டுதலில் பரிந்துரைத்திருக்கிறது. 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரட்டிப்புச் சத்தமாகக் கேட்கும். 45க்கும் 55க்கும் நடுவில் உங்கள் தூக்கம் இருக்கிறது.

அங்கே குடியிருப்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். ‘ஏரியா எப்படி?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கும்’ என்றுதான் பதில் வரும். ‘பலத்த மழை பெய்தால் தண்ணீர் எங்கே நிற்கும்?’, ‘கரன்ட் போனால் எவ்வளவு நேரத்தில் வரும்?’ என்று கேளுங்கள். எதிரே காலி நிலம் இருந்தால் அதன் பசுமையை ரசித்துவிட்டு, உள்ளாட்சி அலுவலகத்தில் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தையும் பாருங்கள். இன்றைய புல்வெளி நாளைக்குக் கிடங்காகலாம்.

படி 4: தண்ணீர் விசாரணை

என்னைக் கேட்டால் புறநகர் வீட்டில் பாதிப் பிரச்சினை தண்ணீர்தான். வருவதும் பிரச்சினை, போகாததும் பிரச்சினை.

வெள்ள வரைபடம் கிடைத்தால் பாருங்கள். ‘நூறாண்டு வெள்ளம்’ என்றால் நூறு வருடத்துக்கு ஒரு தடவை என்று நினைத்து நிம்மதியாகிவிடுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு என்பதே அதன் பொருள். 30 வருடம் அங்கே இருந்தால் ஒரு தடவையாவது வரும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம். மனை சாலையைவிடத் தாழ்ந்திருக்கிறதா, சுற்றியுள்ள தரை சுவரை விட்டு வெளிப்புறமாகச் சரிகிறதா என்றும் பாருங்கள். முதல் 3 மீட்டருக்கு 15 சென்டிமீட்டர் இறக்கம் இருப்பது நல்லது.

குடிநீர்க் குழாய் வராத இடமென்றால் போர்வெல் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள் இருந்தால் சுவை நன்றாக இருக்கும். 1000ஐத் தாண்டினால் குடிக்கவே பிடிக்காது. நைட்ரேட் 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. பாதாளச் சாக்கடை இல்லையென்றால் செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்று கேளுங்கள். கிணற்றுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

படி 5: இனி வீட்டுக்குள் போகலாம்

ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் அங்கேயே நில்லுங்கள். ஓதம் ஏறிய கறையை மறைத்திருக்கலாம். மயிரிழை விரிசல்கள் சாதாரணம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், செங்கல் வரிசையில் படிக்கட்டு மாதிரி இறங்கும் விரிசல், 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலமானது, இவற்றுக்குக் கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். விற்பவர் சிபாரிசு செய்யும் ஆள் வேண்டாம். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள், முள் நகர்ந்தால் எங்கோ ஒழுகுகிறது.

படி 6: காகிதம்

இதில் வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது. பத்திரம் விற்பவர் பெயரில்தான் இருக்கிறதா, பழைய கடனோ வழக்கோ வில்லங்கமோ உண்டா, அடுத்தவருக்கு உங்கள் மனை வழியே பாதை உரிமை இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். அங்கீகாரம் பெற்ற வரைபடத்தையும் நிற்கிற கட்டடத்தையும் ஒப்பிடுவது உங்கள் வேலை. பின்னால் ஒட்டவைத்த அறை வரைபடத்தில் இல்லாவிட்டால் அந்த அறைக்குப் பணம் கொடுக்காதீர்கள். எல்லையை அளந்து கல் நட்டுக் காட்டச் சொல்லுங்கள், வேலியை நம்ப வேண்டாம்.

படி 7: பேரம், சாவி

பொறியாளர் சொன்ன பழுதுகளைப் பட்டியலாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் செலவுக் கணக்கு வாங்கிக்கொண்டு பேசுங்கள். பழுதுக்கான செலவைக் காட்டிக் கேட்டால் மறுப்பது கஷ்டம். முன்பணம் கொடுக்கும்போது, கடன் கிடைக்காவிட்டால் அது திரும்ப வருமா என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும்.

கையெழுத்துக்கு முந்தின நாள் இன்னொரு முறை வீட்டைச் சுற்றி வாருங்கள். சாவி வாங்கியதும் மின் மீட்டர், தண்ணீர் மீட்டர் இரண்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பூட்டுகளை மாற்றுங்கள். தண்ணீரை முழுவதுமாக நிறுத்தும் வால்வும் மெயின் சுவிட்சும் எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிட்டு மூட்டையைப் பிரிக்கலாம்.