ஈறுப் புண்ணுக்குக் கற்றாழை ஜெல்: வீட்டிலேயே எடுக்கலாம்

முறுக்குச் சில்லு ஈறில் குத்திவிட்டால் இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது. கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறையில் எங்கள் கிணற்றடியில் சோற்றுக்கற்றாழை புதராக மண்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுச் சேச்சிக்கு அது கற்றார்வாழ. இந்த மாதிரி சின்னக் காயத்துக்கு அந்த ஜெல் போதும். பல் பிடுங்கிய குழிக்கும் தையல் போட்ட இடத்துக்கும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் வைக்காதீர்கள்.

முதலில், அடியில் வெளிவட்டமாக இருக்கும் தடித்த மடல் ஒன்றை அறுங்கள். அறுத்த வாய் கீழே இருக்கும்படி டம்ளரில் சாய்த்து நிறுத்துங்கள். மஞ்சளாக ஒரு நீர் சொட்டும். கால் மணி நேரமாவது வடியட்டும். முதல் தடவை அவசரத்தில் இதை விட்டுவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்கும் வாயில் கசப்பு போகவில்லை. கசப்போடு போனால் பரவாயில்லை, அந்த நீரில் உள்ள அலோயின் என்ற பொருள் வயிற்றையும் கலக்கிவிடும்.

அப்புறம் மடலைக் கழுவி, ஓர முள்ளைச் சீவி, தோலை உரியுங்கள். மஞ்சள் நீர் தோலுக்கு அடியில்தான் இருக்கிறது என்பதால், நுங்கு மாதிரி இருக்கும் சோற்றில் பச்சை துளியும் ஒட்டியிருக்கக் கூடாது. துண்டு போட்டு ஏழு தண்ணீரில் அலசச் சொல்வாள் அம்மா. நான் எண்ணுவதில்லை. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, கசப்பு நின்றதும் நிறுத்துவேன். கடைசித் தண்ணீர் கொதிக்கவைத்து ஆறியதாக இருக்கட்டும்.

மிக்ஸியில் ஒரு சுற்று, டீ வடிகட்டியில் ஒரு வடி, வெந்நீரில் போட்டெடுத்த பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். 2 நாளுக்கு மேல் வேண்டாம். கிராம்பு எண்ணெயும் சேர்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம், அளவு கூடினால் ஈறு வெந்துபோகும். முகத்துக்குப் பூசக் கடையில் விற்கும் கற்றாழை ஜெல்லும் வாய்க்கு ஆகாது.

பூசும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். கற்றாழைச் சோற்றில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் தண்ணீர். மிச்சத்தில் உள்ள கொழகொழப்புதான் புண்மேல் படலமாக நிற்க வேண்டும். எச்சில் ஈரத்தில் அது வழுக்கிவிடும். அதனால் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளித்து, சுத்தமான பருத்தித் துணியால் ஈறை ஒற்றுங்கள். பட்டாணி அளவு ஜெல்லைத் தடவி, உதட்டை ஒரு நிமிடம் விலக்கிப் பிடியுங்கள். அரை மணி நேரம் காப்பித்தண்ணி கூடக் கூடாது. நாளுக்கு மூன்று தடவை போதும்.

வெங்காயம், பூண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலில் மணிக்கட்டில் தடவிப் பாருங்கள். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் வேண்டாம். 2 வாரத்தில் ஆறாத புண்ணைப் பல் டாக்டரிடம் காட்டுங்கள். புகையிலை போடுகிறவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.