வேலை போனபின் அன்எம்ப்ளாய்மென்ட் பணம் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: 2020-இல் கலிஃபோர்னியாவில் நடந்ததை வைத்து

கொரோனா பரவத் தொடங்கியதும், 2020 மார்ச் 19 அன்று கலிஃபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம் எல்லோரும் வீட்டுக்குள் இருங்கள் என்று உத்தரவு போட்டார். ஒரு வாரம் கூட ஆகவில்லை, மார்ச் 13-க்குப் பிறகு மட்டும் பத்து லட்சம் பேர் வேலையிழப்புப் பணம் கேட்டு மனு போட்டிருக்கிறார்கள் என்று அவரே அறிவிக்க வேண்டியதாயிற்று. அத்தனை மனுவும் போய் விழுந்த இடம் ஈடிடி, அதாவது அந்த மாநிலத்தின் வேலைவாய்ப்பு மேம்பாட்டுத் துறை. செப்டம்பர் வந்தபோது மனு போட்டு 21 நாளுக்கு மேலாகியும் பதில் கிடைக்காதவர்கள் மட்டும் ஏறக்குறைய ஆறு லட்சம் பேர். பணம் வந்துகொண்டிருந்து நடுவில் நின்றுபோனவர்கள் இன்னொரு பத்து லட்சம். போன் போட்டுக் கேட்கலாம் என்றால், நெருக்கடியின் முதல் மாதங்களில் நூறு அழைப்பில் ஒன்றுகூட எடுக்கப்படவில்லை.

அந்தக் கோடையில் நியூசம் ஒரு சிறப்புக் குழு அமைத்தார். யோலண்டா ரிச்சர்ட்சனும் ஜெனிஃபர் பால்காவும் தலைமை தாங்கிய அந்தக் குழு செப்டம்பரில் அறிக்கை கொடுத்தது. அப்புறம் 2021 ஜனவரியில் மாநிலத் தணிக்கையாளர் எலெய்ன் ஹவுல் சில நாள் இடைவெளியில் இரண்டு அறிக்கைகள் வெளியிட்டார். மூன்றையும் படித்த பிறகு என் மனதில் நின்றது ஒரே விஷயம்தான். இணையத்தில் போட்ட மனுக்களிலேயே கிட்டத்தட்ட பாதியை ஊழியர் ஒருவர் கையால் எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. கணினி தானே முடித்துவிட்ட மனுக்காரருக்குப் பணம் சீக்கிரம் வந்தது. ஆள் பார்க்க வேண்டும் என்று ஒதுக்கப்பட்ட மனு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கிடந்தது, ஏனென்றால் பார்க்க ஆள் இல்லை. சாதாரண காலத்தில் ஒரு போன் அழைப்பில் சரியாகிவிடும் சின்னத் தவறு, அந்த வருடத்தில் ஒரு குடும்பத்தின் மூன்று மாத வாடகையை விழுங்கியது. ஆகவே கீழே நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்: உங்கள் மனுவை ஒரு ஆள் எடுத்துப் பார்க்கும் நிலைமைக்கு நீங்களே தள்ளிவிடாதீர்கள்.

பெயரிலிருந்து ஆரம்பிக்கிறேன், தமிழர்களுக்கு இதுதான் பெரிய கண்ணி. மனுவில் உள்ள பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்காவில் ஒவ்வொருவருக்கும் அரசு தரும் அடையாள எண்) மூன்றும் அரசுப் பதிவோடு ஒட்ட வேண்டும். ஒட்டவில்லையா, அடையாளச் சோதனைக்கு ஒதுக்கிவிடுவார்கள். நம் பெயர்களை நினைத்துப் பாருங்கள். சம்பளச் சீட்டில் எஸ். குமார், ஓட்டுநர் உரிமத்தில் குமார் சுப்பிரமணியன், சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் சுப்பிரமணியன் குமார். பாஸ்போர்ட்டில் முழுப் பெயரையும் ஒரே கட்டத்தில் எழுதி மறுகட்டத்தைக் காலியாக விட்டவர்களுக்கு விசாவில் எஃப்என்யூ என்று, அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று, அச்சாகி வந்து அதுவே மற்ற ஆவணங்களிலும் ஏறியிருக்கும். நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான். கணினிக்கு மூன்று ஆள். மனுவில் சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள், கூப்பிடும் பெயரையோ மின்னஞ்சலில் வைத்திருக்கும் சுருக்கப் பெயரையோ போடாதீர்கள். திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றியவர்கள் வேலை இருக்கும்போதே அட்டையைச் சரிசெய்து வைப்பது நல்லது. வேலை போன வாரத்தில் இதற்காக அலைய வேண்டாம்.

அடுத்தது, பதில் வரவில்லை என்ற பதற்றத்தில் இரண்டாவது மனு போடுவது. எத்தனையோ பேர் போட்டார்கள், தப்பும் சொல்ல முடியாது, பத்து நாள் சத்தமே இல்லை என்றால் யாருக்கும் முதல் மனு தொலைந்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் ஒரே எண்ணில் இரண்டு மனு இருந்தால் இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றை நீக்க ஒரு ஊழியர் உட்கார வேண்டும், அவர் உட்காரும்வரை இரண்டுமே நிற்கும். மனு எண்ணையும் போட்ட தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், உறுதிப்படுத்தும் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள், அதோடு விடுங்கள்.

விட்டுவிடக் கூடாதது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சர்டிஃபை பண்ணுவதை, அதாவது கடந்த வாரங்களில் உங்கள் நிலைமை என்ன என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லி உறுதிப்படுத்துவதை. மனு இன்னும் நிலுவையில்தானே இருக்கிறது, அங்கீகாரம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சும்மா இருந்தவர்கள் பின்னால் மிகவும் கஷ்டப்பட்டார்கள், ஏனென்றால் சர்டிஃபை செய்யாத வாரத்துக்குப் பணம் கிடையாது. கேள்விகள் ஆறுதான். அதில் இரண்டாவது கேள்வி இந்தப் பொருளில் வரும்: உடல்நலக் குறைவு தவிர வேறு ஏதாவது காரணத்தால், எந்த நாளிலாவது முழுநேர வேலை கிடைத்தும் ஏற்க முடியாத நிலையில் இருந்தீர்களா? 2020 ஏப்ரலில் பள்ளி மூடி, இரண்டு பிள்ளைகள் வீட்டில் இருக்க, சமையல் மேசையில் போனை வைத்துக்கொண்டு இதைப் படிக்கும் அம்மா ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நாடு முழுக்கப் பூட்டிக் கிடக்கிறதே, எப்படி வேலைக்குப் போவது என்று ஆமாம் என்று அழுத்துவார். உடனே அந்த வாரப் பணம் நின்று, போனில் விசாரணை என்று தேதி போடப்படும். கேள்வி ஊர் பூட்டியிருக்கிறதா என்று கேட்கவில்லை, உங்களுக்கு வேலை கிடைத்தால் ஏற்கத் தயாரா என்று கேட்கிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளே இல்லாததால் முடியாது என்றால் அந்த உண்மையைத்தான் சொல்ல வேண்டும், அதற்கென்றே அப்போது தனி உதவித் திட்டமும் இருந்தது. பொய் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. கேள்வி என்ன என்று புரிந்துகொண்டு பதில் சொல்லுங்கள் என்கிறேன். இணையத்தில் மனு ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் மட்டுமே இருந்தது, வீட்டில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து படித்துச் சொன்னாலே பாதிச் சிக்கல் தீரும்.

ஆறாவது கேள்வி வேலை செய்தீர்களா, சம்பாதித்தீர்களா என்பது. இங்கே இரண்டு தவறு அடிக்கடி நடக்கும். கைக்கு வந்த தொகையை எழுதுகிறார்கள், பிடித்தத்துக்கு முந்தைய மொத்தத்தைத்தான் எழுத வேண்டும். சம்பளம் வந்த வாரத்தில் எழுதுகிறார்கள், உழைத்த வாரத்தில்தான் எழுத வேண்டும், அந்த வாரம் ஞாயிறு தொடங்கி சனியோடு முடியும். நிறுவனம் தன் கணக்கை அனுப்பும்போது இரண்டும் இடித்தால் மோசடி என்ற சந்தேகம் வரும், வேண்டுமென்றே மறைத்ததாகத் தீர்மானித்தால் திருப்பிக் கட்டும் தொகைக்கு மேல் 30 சதவீத அபராதம்.

மறைப்பதில் லாபமும் பெரிதாக இல்லை. கணக்கைப் பாருங்கள்: கலிஃபோர்னியாவில் வாரத்துக்கு உச்சத் தொகை 450 டாலர். ஒரு வாரம் பகுதிநேரமாக 200 டாலர் சம்பாதித்தால், அதில் 25 டாலர் அல்லது கால்பங்கு, எது அதிகமோ அதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். கால்பங்கு 50, மீதி 150 கழிந்து 300 கிடைக்கும். 2020 ஜூலை கடைசிவரை மத்திய அரசு ஒவ்வொரு வாரமும் 600 டாலர் கூடுதலாகக் கொடுத்தது, மாநிலத்திலிருந்து ஒரு டாலர் வந்தாலே அந்த 600 முழுதாக வரும். ஆக ஒளிக்காமல் சொன்னவருக்கும் 900 டாலர் வந்தது, அவர் உழைத்த 200 தனி.

ஊபர் ஓட்டியவர்கள், வீட்டிலேயே சமைத்து விற்றவர்கள், முடிதிருத்தும் கடையில் நாற்காலி வாடகைக்கு எடுத்தவர்கள் இவர்களுக்கு வேறொரு பிரச்சினை. மனு போட்டதும் வாரத் தொகை பூஜ்யம் என்று கடிதம் வந்தது, ஏனென்றால் எந்த நிறுவனமும் அவர்கள் பெயரில் சம்பளப் பதிவு செய்யவில்லை. அதைத் தூக்கி எறிந்துவிட்டு அவ்வளவுதான் என்று இருந்தவர்கள் உண்டு. சுயதொழில் செய்பவர்களுக்கான மத்திய உதவிக்கு (2021 செப்டம்பரோடு அது முடிந்துவிட்டது) ஈடிடி 2020 ஏப்ரல் 28 அன்றுதான் வாசல் திறந்தது, குறைந்தபட்சம் வாரத்துக்கு 167 டாலர். பூஜ்யம் என்ற கடிதம் மறுப்புக் கடிதமில்லை என்று யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

விசா பற்றி இரண்டு வரி. ஹெச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால், வேறு எந்த நிறுவனத்திலும் உடனே சேரச் சுதந்திரம் இல்லாததால், பொதுவாக இந்தப் பணம் கிடைக்காது. கிரீன் கார்டு இருப்பவருக்குக் கிடைக்கும், வாங்கினால் பின்னால் குடியுரிமைக்குப் பாதகம் என்று பயந்து விட்டுவிட வேண்டாம், இது காப்பீடு, அரசுக்குச் சுமை என்ற கணக்கில் இது வராது. பிரீமியம் கட்டுவது நிறுவனம்.

துறை செய்த தவறுகளைச் சொல்லாமல் மனு போட்டவர்களுக்கு மட்டும் அறிவுரை சொல்வது நியாயமில்லை. வேலை குவிந்ததும் அவர்கள் ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த விதிகளைக் கற்க மாதங்கள் ஆகும், கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் சிக்கலான மனுக்களை முடிக்கத் தெரிந்த அதே பழைய ஊழியர்கள். பாடம் நடத்தப் போனார்கள், மனு அப்படியே கிடந்தது. காலை எட்டு முதல் இரவு எட்டு வரை என்று புதிதாக ஒரு போன் எண்ணும் திறந்தார்கள், எடுத்தவர்களில் பெரும்பாலோரால் மனுவின் உள்ளே போய் எதையும் மாற்ற முடியாது. மணிக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் மனிதக் குரல் கேட்டு, அந்தக் குரல் எனக்கு அதைப் பார்க்க அனுமதியில்லை என்று சொல்லும்போது எப்படி இருந்திருக்கும். ஒரு துறை நெருக்கடியில் செய்யக்கூடாத தவறு எது என்று கேட்டால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

மோசடி விஷயத்தில் இன்னும் வேதனை. நேர்மையானவர்களின் அடையாளத்தைத் தபாலில் நகல் வாங்கிக் கையால் சோதித்துக்கொண்டிருந்தார்கள், சிறைக் கைதிகளின் பட்டியலோடு மனுக்களை ஒப்பிடவில்லை. வேறு 35 மாநிலங்களாவது அதைச் செய்துகொண்டிருந்தன. 2020 நவம்பரில் மாவட்ட அரசு வழக்கறிஞர்கள் சேர்ந்து அதை வெளியே சொன்னார்கள், பிறகு தணிக்கையாளர் கணக்குப்படி கைதிகளின் விவரத்தோடு பொருந்திய சுமார் 45,000 மனுக்களுக்கு ஏறக்குறைய 81 கோடி டாலர் போயிருந்தது. கொடுத்த பணத்தில் பத்து சதவீதம், அதாவது 1,140 கோடி டாலர், மோசடிக்குப் போனது உறுதி என்று 2021 ஜனவரியில் மாநிலமே ஒப்புக்கொண்டது. 2020 செப்டம்பர் 20 முதல் இரண்டு வாரம் புது மனு வாங்குவதையே நிறுத்திவிட்டு, ஐடி.மீ என்ற நிறுவனத்தின் மூலம் அடையாளம் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதை ஏப்ரலில் செய்திருக்க வேண்டும்.

அப்புறம் அதிர்ச்சியில் மறுபக்கம் சாய்ந்தார்கள். ஆண்டு பிறந்ததும் 14 லட்சம் மனுக்களை ஒரே அடியாக நிறுத்தி, நீங்கள் நீங்கள்தான் என்று நிரூபியுங்கள் என்றார்கள். பணம் ஏறும் டெபிட் கார்டை வழங்கிய பேங்க் ஆஃப் அமெரிக்காவும் தானியங்கிச் சோதனை ஒன்றை வைத்து, குற்றமே செய்யாதவர்களின் கணக்குகளையும் முடக்கியது. அதற்காக 2022 ஜூலையில் இரண்டு மத்திய அமைப்புகள் சேர்த்து அந்த வங்கிக்கு 22.5 கோடி டாலர் அபராதம் போட்டன. அந்தக் கார்டுகளில் சிப் கூடக் கிடையாது, வெறும் காந்தப் பட்டை. இப்படிக் கார்டில் பணம் வந்தால் அதிலேயே சேர்த்து வைக்காதீர்கள், வந்த அன்றே உங்கள் வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

கவர்களைப் பற்றி. அந்த நாட்களில் பலருடைய தபால் பெட்டியில் யாரோ பெயர்களுக்கு ஈடிடி கவர்கள் கட்டுக்கட்டாக வந்தன, அவர்கள் முகவரியை மோசடிக்காரர்கள் பயன்படுத்தியிருந்தார்கள். போதாததற்குக் கடிதங்களில் முழு சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் அச்சாகியிருந்தது. 2019-லேயே தணிக்கையாளர் எச்சரித்தும் நிறுத்தவில்லை. வேறு பெயரில் வந்ததைக் குப்பையில் போடாதீர்கள், பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டு மோசடிப் புகாரும் கொடுங்கள். உங்கள் பெயரில் வந்தது எதுவானாலும் அன்றைக்கே பிரியுங்கள். மறுப்பு என்றால் மேல்முறையீட்டுக்கு 30 நாள், அது உங்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ணுவதில்லை, கடிதத்தில் அச்சாகியிருக்கும் அனுப்பிய தேதியிலிருந்து. மேல்முறையீட்டைக் கேட்பவர் ஈடிடி ஊழியர் இல்லை, தனி வாரியத்தின் நீதிபதி, உங்கள் பக்கத்தை முதல்முறையாக முழுதாகக் கேட்கும் ஆள் அவர்தான், அதனால் மறுப்பு வந்ததும் மனம் விட்டுவிடாமல் அந்தப் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். முடிவு வரும்வரை சர்டிஃபை செய்வதையும் நிறுத்த வேண்டாம்.

கடைசியாக வரி. இந்தப் பணத்துக்குக் கலிஃபோர்னியா வரி போடாது, மத்திய அரசு போடும். பத்து சதவீதம் முன்பே பிடிக்கச் சொல்லி ஒரு கட்டத்தில் குறியிடலாம், பலர் அதை விட்டுவிட்டு ஏப்ரலில் திணறினார்கள். 2020-க்கு மட்டும், வருமானம் ஒன்றரை லட்சம் டாலருக்குக் கீழே இருந்தவர்களுக்கு முதல் 10,200 டாலருக்கு விலக்கு கொடுத்தார்கள், பிறகு அப்படி வரவில்லை. ஜனவரியில், போன வருடம் உங்களுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று காட்டும் 1099-ஜி என்ற படிவம் வரும். மனுவே போடாத ஒருவருக்கு அது வந்தால், அவர் பெயரில் வேறு யாரோ பணம் வாங்கிவிட்டார் என்று பொருள், நிறைய பேருக்குத் தங்கள் அடையாளம் திருடுபோனதே அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. அதிலுள்ள தொகையை வருமானமாகக் காட்டி வரி கட்டிவிடாதீர்கள், ஈடிடிக்குப் புகார் எழுதித் திருத்திய படிவம் கேளுங்கள்.