ஐசியூவில் இருப்பவரின் நிலைமையைக் குடும்பத்துக்குப் புரியவைப்பது எப்படி

வீட்டில் யாராவது ஐசியூவில் சேர்ந்துவிட்டால், குடும்பத்தில் கொஞ்சம் படித்த ஒருவரைப் பிடித்து "நீ போய் டாக்டர்கிட்ட பேசிட்டு வா" என்று உள்ளே அனுப்பிவிடுவார்கள். நர்சிங் படிக்கும் பெண்ணாக இருக்கலாம், மருந்துக்கடைத் தம்பியாக இருக்கலாம், பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கலாம். அவர் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு வெளியே வந்தால் பாலக்கோட்டிலிருந்தும் அரூரிலிருந்தும் வேன் பிடித்து வந்த சொந்தக்காரர்கள் சுற்றிக்கொண்டு "என்னப்பா சொன்னாங்க?" என்பார்கள். அவர் "24 மணி நேரம் போகட்டும்னு சொல்றாங்க" என்பார். அதற்குமேல் அவருக்கும் ஒன்றும் பிடிபட்டிருக்காது. தர்மபுரிப் பக்கம் ஐசியூவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் நான் தினமும் பார்ப்பது இதைத்தான். அப்படி உள்ளே அனுப்பப்படும் அந்த ஒருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புரியாமல் போவது உங்கள் குறை இல்லை. 2000-இல் வெளியான பிரான்ஸ் நாட்டு ஐசியூ ஆய்வு ஒன்றில், டாக்டரிடம் பேசிவிட்டு வந்த உறவினர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நோய் என்ன, என்ன சிகிச்சை நடக்கிறது, பிழைப்பாரா என்ற மூன்றில் ஏதாவது ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று தெரியவந்தது. பயத்தில் காது கேட்கும், மனசு வாங்காது. அதனால் உள்ளே போகும்போது தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பேசட்டும், இன்னொருவர் ஒரு நோட்டில் எழுதட்டும்.

எப்போது போவது என்பதும் முக்கியம். ராத்திரி டூட்டி டாக்டரை வழிமறித்துக் கேட்டால் "சீரியஸ்தான்" என்பதற்குமேல் எதுவும் கிடைக்காது, அவர் நாலு பெட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் யூனிட் டாக்டர் எப்போது பேசுவார் என்று சிஸ்டரிடம் கேளுங்கள், அந்த நேரத்துக்கு வந்து நில்லுங்கள். அதோடு ஒன்று செய்யுங்கள், குடும்பத்தில் தினமும் ஒரே ஆள் பேசுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் நாள் மச்சான், இரண்டாம் நாள் சித்தப்பா, மூன்றாம் நாள் பெங்களூரிலிருந்து வந்த மகன் என்று ஆள் மாறினால் ஒவ்வொருவரும் முதலிலிருந்து கேட்பார்கள், நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்பது யாருக்குமே தெரியாமல் போய்விடும்.

அந்த வித்தியாசம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் இன்றைக்கு 48 அடி தண்ணீர் என்று மட்டும் சொன்னால் நமக்கு ஒன்றும் தெரியாது, நேற்று எவ்வளவு இருந்தது, ஏறுகிறதா இறங்குகிறதா என்றுதானே கேட்போம், ஐசியூவிலும் அப்படித்தான். மூளை, நுரையீரல், ரத்த ஓட்டம், சிறுநீரகம், கல்லீரல், ரத்தம் உறைகிற தன்மை என்று ஆறு விஷயங்களைத் தினமும் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். எத்தனை உறுப்பு தள்ளாடுகிறதோ அந்த அளவுக்கு ஆபத்து கூடும். ஆனால் முதல் நாள் நிலைமையைவிட இரண்டு மூன்று நாளில் அது எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் அதிகம் சொல்லும். ஆகவே டாக்டரிடம் "எப்படி இருக்காரு?" என்று பொதுவாகக் கேட்காமல் இப்படிக் கேளுங்கள்: எந்தெந்த உறுப்பு இப்போது மெஷின் அல்லது மருந்து உதவியில் ஓடுகிறது? நேற்றைவிட ஆக்சிஜன் தேவை கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? பிபியை ஏற்றிப் பிடிக்கும் மருந்தின் அளவு கூடுகிறதா குறைகிறதா? யூரின் எவ்வளவு போகிறது? இந்த நாலு பதிலைத் தினமும் தேதி போட்டு எழுதிவைத்தால் மூன்றாம் நாள் நீங்களே ஓரளவு படித்துவிடுவீர்கள்.

"ஸ்டேபிளா இருக்காரு" என்று சொன்னால் உடனே வெளியே போய் "நல்லா இருக்காராம்" என்று சொல்லிவிடாதீர்கள். நேற்றிலிருந்து பெரிய மாற்றம் இல்லை என்றுதான் பெரும்பாலும் அதற்கு அர்த்தம். வெண்டிலேட்டர் என்ற மூச்சு மெஷினிலும், பிபியை ஏற்றிப் பிடிக்கும் இரண்டு மருந்திலும் இருப்பவர்கூட அப்படி 'ஸ்டேபிளாக' இருக்கலாம். "ஸ்டேபிள்னா ஆபத்தைத் தாண்டிட்டாரா, இல்ல ஆபத்துலயே அப்படியே இருக்காரா சார்?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள், கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆள் பார்க்க எப்படி இருக்கிறார் என்பதை வைத்து முடிவு கட்டுவதுதான் நம் பக்கம் நடக்கும் பெரிய தவறு. கட்டுவிரியன் கடித்து வந்தவருக்குக் கண் இமை தூக்க முடியாது, கை கால் அசையாது, மூச்சு மெஷினில்தான் ஓடும், பார்த்தால் எல்லாம் முடிந்துவிட்டது போலவே இருக்கும். ஆனால் நேரத்துக்கு வந்து மூச்சை மட்டும் காப்பாற்றிக் கொடுத்தால் சில நாளில் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகிறவர்கள் அதிகம். அவர் அசையாமல் கிடந்தாலும் நாம் பேசுவது காதில் விழலாம், அவர் பக்கத்தில் நின்றுகொண்டு காரியத்துக்குச் சொல்லியனுப்புவதைப் பற்றிப் பேசாதீர்கள். இதற்கு நேர் எதிர், எலியைக் கொல்லும் விஷப் பேஸ்ட்டைச் சாப்பிட்டுவிட்டு வந்தவர். ஒரு நாள் வாந்தி, அப்புறம் எழுந்து உட்கார்ந்து பேசுவார், இட்லி கேட்பார், உடனே வீட்டில் "சும்மா பிடிச்சு வெச்சிருக்காங்க" என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த இரண்டு மூன்று நாளுக்கு அப்புறம்தான் கல்லீரல் பாதிப்பு வெளியே தெரியும். பூச்சிமருந்து கேஸிலும், தெளிந்தது போல இருந்தவருக்கு நாலு நாளுக்குள் கழுத்தைத் தூக்க முடியாமல் மூச்சுத் தசை தளர்ந்து மறுபடி வெண்டிலேட்டர் தேவைப்படலாம். அதனால் "இந்த நோய்ல ஆபத்தான நாள் எது சார், எப்போ வரைக்கும் பயப்படணும்?" என்ற கேள்வியை மறக்காமல் கேளுங்கள். விஷம் குடித்த கேஸில் யார் திட்டினார்கள், யாரால் இது நடந்தது என்ற பஞ்சாயத்தை ஐசியூ வாசலில் தயவுசெய்து வைக்காதீர்கள். பிழைத்து எழுந்தவர் முதலில் பார்ப்பது உங்கள் முகத்தைத்தான். பேச ஆள் வேண்டுமென்றால் 104-க்குப் போன் செய்தால் மனநல ஆலோசனை கிடைக்கும், வார்டுக்கு மாற்றியதும் மனநல டாக்டரைப் பார்க்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.

தலைக்காயம் தனிக் கதை. தொப்பூர் கணவாயிலும் ஓசூர் ரோட்டிலும் விழுந்து வருகிறவர்களின் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி "கண் முழிச்சாரா?". கண் திறப்பது, கொட்டாவி விடுவது, கையைத் தொட்டால் பிடிப்பது இதெல்லாம் நினைவு இல்லாமலேயே நடக்கலாம். "கையை அழுத்துங்கன்னு சொன்னதும் அழுத்தினாரா, விடச்சொன்னா விட்டாரா?" என்று கேளுங்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது. மூளை நிலையை 3 முதல் 15 வரை மார்க் போட்டு எழுதுவார்கள், 15 முழு நினைவு, 3 எதற்குமே அசைவில்லை. ஆனால் மயக்க மருந்து ஓடும்போது அந்த மார்க்கை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, தொண்டையில் குழாய் இருந்தால் பேச்சுக்கான மார்க்கையே போட முடியாது. "மயக்க மருந்தை நிறுத்தி எத்தனை மணி நேரம் ஆச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைக் கேட்க வேண்டும். இதயம் நின்று, நெஞ்சை அழுத்தி மீட்டவர்களுக்கு மூளை எப்படி இருக்கும் என்பதைச் சொல்லக் குறைந்தது 72 மணி நேரம் காத்திருப்பார்கள். அது தட்டிக்கழிப்பது இல்லை, அதற்கு முன்னால் சொன்னால் தப்பாகப் போக வாய்ப்பு அதிகம். மூளைச்சாவு வேறு, கோமா வேறு. மூளைச்சாவை அறிவிக்க 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி டாக்டர்கள் குழு 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்கும். அப்படி அறிவித்துவிட்டால் ஸ்கிரீனில் இதயம் ஓடினாலும் ஆள் திரும்பி வரமாட்டார்.

இப்போது எல்லாரும் கேட்கத் தயங்கும் கேள்விக்கு வருகிறேன். "பிழைப்பாரா?" என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான். பிழைத்தால் எப்படி இருப்பார் என்பது மீதிப் பாதி. என் அனுபவத்தில் சரியாக வேலை செய்யும் கேள்வி இது: "இவர் மாதிரி, இதே வயசுல, இதே நிலைமையில பத்துப் பேர் வந்தா, எத்தனை பேர் வீட்டுக்குப் போவாங்க சார்? அதுல எத்தனை பேர் தானா சாப்பிட்டு, தானா நடந்து இருப்பாங்க?" டாக்டர் "நூத்துல அஞ்சு" என்றால் நமக்கு உடனே நம்ம ஆள் அந்த அஞ்சில் ஒருவர் என்றுதான் தோன்றும். அமெரிக்காவில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வும் இதையேதான் காட்டியது, நல்ல செய்தியை உள்ளபடி வாங்கிக்கொண்ட உறவினர்கள் கெட்ட செய்தியை மட்டும் சொன்னதைவிட நல்லதாக எடுத்துக்கொண்டார்கள். நம்பிக்கை வைப்பதில் தப்பே இல்லை, வேண்டிக்கொள்ளுங்கள், அங்காளம்மனுக்கு முடிந்துவையுங்கள், ஆனால் மீதித் தொண்ணூற்றைந்தையும் அதே மூச்சில் சொல்லிப் பாருங்கள். நல்லபடியாகப் போனால் என்ன ஆகும், மோசமாகப் போனால் என்ன ஆகும், இதில் எது நடக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டால் டாக்டருக்கும் மனசு திறந்து சொல்வது சுலபம்.

டாக்டரே தெரியவில்லை என்று சொன்னால், நாள் குறித்துக்கொள்ளுங்கள். "இன்னும் மூணு நாள் எல்லா வைத்தியமும் பார்ப்போம், மூணாவது நாள் என்ன நடந்திருந்தா முன்னேற்றம்னு எடுத்துக்கலாம், என்ன நடக்கலன்னா இல்லைன்னு எடுத்துக்கலாம்?" என்று கேட்டு அதையும் நோட்டில் எழுதுங்கள். நகையை அடகு வைப்பதா, நிலத்தை விற்பதா என்ற முடிவையெல்லாம் அந்த மூன்றாம் நாள் பேச்சுக்கு முன்னால் எடுக்காதீர்கள். சேலத்துக்கோ பெங்களூருக்கோ கொண்டுபோகலாமா என்று சொந்தத்தில் யாராவது நிச்சயம் கிளப்புவார்கள். அப்போது கேட்க வேண்டியது இரண்டுதான்: இங்கே இல்லாத எந்த வைத்தியம் அங்கே கிடைக்கும், வழியில் என்ன ஆபத்து. பதில் இல்லாமல் ஆம்புலன்ஸ் ஏற்றாதீர்கள். விபத்து கேஸ் என்றால் முதல் 48 மணி நேரத்துக்கான அரசுத் திட்டம் இருக்கிறது, முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதற்கென இருக்கும் கவுன்டரில் சேர்த்த அன்றே காட்டிவிடுங்கள்.

அடுத்து வெளியே வந்து சொல்லும் வேலை, இதுதான் கஷ்டம். முதலில் நீங்கள் பேச ஆரம்பிக்காதீர்கள், "உங்களுக்கு இதுவரைக்கும் என்ன தெரியும்?" என்று கேளுங்கள், ஏனென்றால் ஒருவர் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் ஆள் போய்விட்டார் என்றே கேள்விப்பட்டு வந்திருப்பார். அப்புறம் சின்னச் சின்னதாகச் சொல்லுங்கள், இடையில் நிறுத்துங்கள், அழுதால் அழ விடுங்கள். "பெரியம்மா, பெரியப்பாவுக்கு மூச்சு மெஷின்லதான் ஓடுது. கிட்னியும் வேலை செய்யல. நல்லாகணும்னுதான் டாக்டருங்க பார்க்கறாங்க, ஆனா அவங்களுக்கே பயமா இருக்குது. ரெண்டு நாள்ல தேறலன்னா நமக்குக் கிடைக்காமப் போயிடலாம்." இவ்வளவு போதும். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு என்று அவரிடம் சொல்லத் தேவையில்லை. சொல்லி முடித்ததும் "நான் சொன்னதை நீங்க ஒருவாட்டி சொல்லுங்க" என்று கேட்டால் எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்று தெரிந்துவிடும். தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்களில் பாட்டிக்கு வீட்டுப் பேச்சு தெலுங்காகவோ கன்னடமாகவோ இருக்கும், அப்போது அந்த மொழியிலேயே சொல்லுங்கள், சொல்ல ஆள் இல்லையென்றால் சிஸ்டர்களில் தெரிந்தவர் யாராவது இருப்பார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

"அந்தம்மா தாங்க மாட்டாங்க" என்று மனைவியிடம் மட்டும் மறைப்பதை நான் ஏற்றுக்கொள்ளவே மாட்டேன். முப்பது நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவருக்குத்தான் கடைசியில் தெரிகிறது, அவர் உள்ளே போய்க் கையைப் பிடித்துப் பேச இருந்த நாளெல்லாம் வாசலில் போய்விடுகிறது. அவருக்கு முதலில் சொல்லுங்கள். அவரிடம் இதையும் கேளுங்கள்: "இப்படிப் படுத்துக் கிடந்தா வேணும்னு சொல்வாரா, வேண்டாம்னு சொல்வாரா?" முடிவெடுக்கும் நேரம் வந்தால் பங்காளிகள் எல்லாரும் சொல்வதைவிட அந்தப் பதில்தான் டாக்டருக்கும் உதவும்.

மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் தினமும் ஒரே நேரத்தில் ஒரே செய்தி போடுங்கள், நேற்றைவிட எது கூடியது, எது குறைந்தது, அடுத்து எப்போது தெரியும். குழாய்களோடு படுத்திருக்கும் போட்டோ மட்டும் வேண்டாம்.

இனி முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டால், உயிர் வீட்டில்தான் போக வேண்டும் என்று பல குடும்பங்கள் கேட்கும். அதைக் கடைசி நிமிடத்தில் கேட்காமல் முன்னாடியே சொல்லிவிட்டால் வழியில் மூச்சுத் திணறாமலும் வலி இல்லாமலும் இருக்க என்ன மருந்து கொடுக்கலாம் என்று அவர்கள் யோசிக்க நேரம் கிடைக்கும். ஆனால் விபத்து, விஷம் என்று போலீஸ் பதிவான கேஸ் என்றால் வீட்டில் இறந்தாலும் போஸ்ட்மார்ட்டம் உண்டு, இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள், இல்லையென்றால் சாவு வீட்டில் மறுபடி ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்.

நல்லபடியாக வார்டுக்கு மாற்றினால் உடனே பழைய ஆள் வந்துவிடுவார் என்றும் எதிர்பார்க்காதீர்கள். பல நாள் வெண்டிலேட்டரில் இருந்தவருக்குக் கை கால் வலு இல்லாமல் எழுந்து உட்காரவே வாரக்கணக்கில் ஆகலாம், மறதி இருக்கும், ராத்திரி பயந்து எழுவார், வீட்டில் இருப்பவர்களுக்கே தூக்கம் போய்விடும். தொண்டைக்குழாயோடு அனுப்பினால் சளி உறிஞ்சுவது, மூக்குக்குழாயில் கஞ்சி ஊற்றுவது, புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பது மூன்றையும் டிஸ்சார்ஜுக்கு இரண்டு நாள் முன்பிருந்தே சிஸ்டர் பக்கத்தில் நிற்கும்போது உங்கள் கையால் செய்து பழகுங்கள், வீட்டில் செய்யப்போகும் இரண்டு பேராவது பழக வேண்டும்.