வாக்குத்தத்த அட்டையில் வராத பத்தாம் வசனம்

போன வாரம் வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி செல்போன் கவரைக் கழற்றிக் காட்டினான். உள்ளே மூலை மடங்கிய வாக்குத்தத்த அட்டை, வேத வசனம் அச்சடித்தது: எரேமியா 29:11. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் தட்டிலிருந்து எடுத்தது. "அண்ணே, கர்த்தர் பேசிட்டார். பேங்க் வேலை கன்பார்ம். வேற எதுக்கும் அப்ளை பண்ணல."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. இருபது வருடத்துக்கு முன் இதே வசனம் என் சட்டைப் பையில் இருந்தது.

எல்லாம் அறிந்த தேவனை நம்பத் தொடங்குகிறவர்கள் சறுக்கும் இடங்களை அதனால்தான் எழுதுகிறேன். ராகு காலம், ஜாதகம் பற்றியெல்லாம் போதகர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். அதை விடுவோம்.

அவருக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும் என்று நினைப்பது

"நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்று போகிறது வசனம். அறிவேன் என்கிறவர் கர்த்தர். என் கண்ணில் பட்டதோ 'எதிர்பார்த்திருக்கும் முடிவு' மட்டும். நான் எதிர்பார்த்தது அரசாங்க வேலை. அப்புறம் என்ன, முடிவாகிவிட்டதே!

வந்த இரண்டு தனியார் வேலைகளையும் வேண்டாம் என்றேன். அப்பா கேட்டபோது, "அவிசுவாசமா பேசாதீங்க" என்று வாயை அடைத்தேன். இரண்டரை வருடம் ஓடியது. பரீட்சையில் தேறவில்லை. அடகு வைத்திருந்த அம்மாவின் வளையல் மூழ்கிப்போனது. அப்பாவிடம் அப்படிப் பேசியதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகுதான் அதிகாரத்தை முழுசாகப் படித்தேன். பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய கடிதம் அது. முந்தின வசனம், பத்தாம் வசனம், 70 வருடம் என்கிறது. அதாவது, கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பப் போவதில்லை. 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பி வரும் என்கிறான். யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை. அந்த வருடமே செத்தும் போனான். எரேமியாவின் கடிதமோ வீடு கட்டு, தோட்டம் போடு, பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணு, இருக்கிற ஊரின் சமாதானத்துக்காக ஜெபி என்கிறது. நான் இரண்டரை வருடமாகச் செய்யாமல் இருந்தது அதைத்தான்.

அந்த வசனம் நமக்கு ஆறுதல் இல்லை என்று சொல்லவில்லை. அவர் நம்மை மறக்கவில்லை, அவர் நினைவு தீமைக்கல்ல என்பது பெரிய ஆறுதல். எந்த வேலை, எந்தத் தேதி என்பது அதில் இல்லை, அவ்வளவுதான். (பத்தாம் வசனம் அச்சடித்த அட்டையை நான் எந்தத் தட்டிலும் பார்த்ததில்லை. யார் எடுப்பார்கள்?)

தம்பியை இரண்டு அதிகாரத்தையும் படிக்கச் சொன்னேன். மறுநாள் போன் பண்ணி, "அண்ணே, எழுபதா?" என்றான்.

அவருக்குத்தான் தெரியுமே, எதற்கு ஜெபம்?

கேட்பதற்கு முன்பே பிதாவுக்குத் தெரியும் என்று மத்தேயு 6:8-இல் சொன்ன இயேசு, அடுத்த வசனத்திலேயே ஜெபம் கற்றுக்கொடுக்கிறார்.

துக்க வீட்டில் காரணம் சொல்வது

பிள்ளைகளையும் சொத்தையும் பறிகொடுத்த யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர்தான். வாயைத் திறந்த பிறகு வந்தது வினை. கடைசியில் கர்த்தரே அவர்கள்மேல் கோபப்பட்டார். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் "தேவனுக்கு ஒரு நோக்கம் இருக்கும்மா" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த நோக்கத்தை உங்களிடம் வந்து சொன்னாரா? அடுப்படிக்குப் போய் நாலு பேருக்குக் காப்பி போடுங்கள்.

விசுவாசம் என்று சொல்லி மாத்திரையை நிறுத்துவது

நிறுத்தாதீர்கள்.