சர்க்கிட் மென்பொருளில் சொந்த மாடல்: தவறு நுழையும் இடங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மண்டபம், பாம்பன் பக்கம் விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும். சில்லறை எலக்ட்ரானிக்ஸ் வேலை நமக்கு வருவதும் அப்போதுதான். "தம்பி, அடியில தண்ணி ஏறுனா சத்தம் போடுற மாதிரி ஒண்ணு செஞ்சு குடு" என்றார் படகுக்காரர் ஒருவர். இரண்டு கம்பி, இரண்டு வோல்ட்டேஜை ஒப்பிடும் ஒரு கம்பேரேட்டர், ஒரு பஸ்ஸர், பேட்டரியின் 12 வோல்ட்டை 5 ஆக்க ஒரு 78எல்05 ரெகுலேட்டர். அவ்வளவுதான் சர்க்கிட். கீகேட் என்ற சர்க்கிட் மென்பொருளில் வரைந்து, சில பாகங்களுக்கு நானே சிம்பலும் (வரைபடக் குறி) மாடலும் (சிமுலேஷனில் பாகம் எப்படி நடந்துகொள்ளும் என்ற விவரம்) எழுதினேன். செய்யக்கூடாத தவறுகளில் பாதியை அந்த ஒரு பலகையிலேயே செய்து முடித்தேன்.

முதல் தவறு பாகத்தின் கால் எண்ணில். 7805-இன் சிம்பலை அப்படியே நகலெடுத்து, பெயரை மட்டும் 78எல்05 என்று மாற்றினேன். பெரிய 7805-இல் 1 உள்ளீடு, 3 வெளியீடு. குட்டி 78எல்05-இல் 1 வெளியீடு, 3 உள்ளீடு. சிமுலேஷனில் எல்லாம் அழகாக ஓடியது, ஏனென்றால் அங்கே பாகத்துக்குக் கால் கிடையாது. பலகையில் 5 வோல்ட் வரவில்லை.

டயோடில் கதை தலைகீழ். கீகேடின் டயோடு சிம்பலில் 1 என்பது கேதோடு (எதிர்முனை). சிமுலேஷனை ஓட்டும் ஸ்பைஸின் மாடலோ ஆனோடை (நேர்முனை) முதலில் எதிர்பார்க்கும். இரண்டையும் வரிசை பார்க்காமல் இணைத்தால், பேட்டரியை முனை மாற்றிக் கொடுத்தால் காப்பாற்றப் போட்ட 1என்4007 டயோடு சிமுலேஷனில் எப்போதுமே மின்சாரத்தைத் தடுக்கும். நல்ல சர்க்கிட்டைச் சந்தேகப்பட்டு ஒரு மாலை வீணானது. சப்சர்க்கிட் (பல பாகங்களைச் சேர்த்து ஒரே மாடலாக்கியது) எழுதினாலும் இதே கதைதான். அதன் முதல் வரியில் உள்ள வரிசைதான் கணக்கு, நாம் வைக்கும் பெயர் அல்ல.

அப்புறம் 'எம்' எழுத்து. ஸ்பைஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். மாடல் கோப்பில் 1எம் என்று எழுதினால் அது ஒரு மெகா ஓம் அல்ல, ஒரு மில்லி ஓம். மெகா வேண்டுமென்றால் 'மெக்' என்று ஆங்கிலத்தில் மூன்றெழுத்தும் வேண்டும். சென்சார் கம்பியை 5 வோல்ட் பக்கம் இழுத்து வைக்கும் ரெசிஸ்டரில் நான் இதைச் செய்தேன். எவ்வளவு தண்ணீர் ஏறினாலும் அலாரம் அசையவில்லை. கெபாசிட்டருக்கு 1எஃப் என்று எழுதுகிறவர்களுக்கும் இதே கதி: அது ஒரு ஃபாரட் அல்ல, மிக மிகச் சிறிய ஃபெம்டோ ஃபாரட்.

எல்இடியை வெறும் டயோடாக விட்டால் இயல்பு மாடலில் 0.7 வோல்ட்டுக்கே எரியும். வெள்ளை எல்இடிக்கு 3 வோல்ட் பக்கம் வேண்டும். ஃபுட்பிரிண்ட் (பலகையில் பாகம் உட்காரும் தடம்) பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஒன்றுக்கு ஒன்று அளவில் தாளில் அச்செடுத்து, பாகத்தை மேலே வைத்துப் பாருங்கள். டேட்டாஷீட் படம் மேலிருந்து பார்த்ததா கீழிருந்தா என்பதையும் பாருங்கள்.

இதையெல்லாம் திருத்திப் படகில் மாட்டினேன். மறுநாளே திரும்பி வந்தது. தண்ணீரே இல்லாமல் விடிய விடியக் கத்தியதாம்! என் சென்சார் மாடல் ஒரு சுவிட்ச்: தண்ணீர் இருந்தால் மூடும், இல்லாவிட்டால் முழுத் திறப்பு. ஆனால் இந்தக் கரையில் முழுத் திறப்பு என்று ஒன்று ஏது? உப்புக்காற்று இரண்டு கம்பிகளுக்கும் நடுவே ஈரப் படலம் போட்டுவிடும். அது 100 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மெகா ஓம் ரெசிஸ்டருக்கு எதிரே 5 வோல்ட் அரை வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கம்பேரேட்டர் 2.5 வோல்ட்டுக்குக் கீழே போனாலே தண்ணீர் என்று எடுத்துக்கொள்ளும், கத்தாமல் என்ன செய்யும்? அதே இடத்தில் 10 கிலோ ஓம் போட்டால் படலம் இருந்தாலும் 4.5 வோல்ட் நிற்கிறது. கடல்நீரோ படலத்தைவிடப் பல மடங்கு கடத்தும், எனவே அலாரமும் ஏமாறாது.

இப்போது எந்த சென்சாருக்கு மாடல் எழுதினாலும், சுவிட்சுக்கு இணையாக அந்த 100 கிலோ ஓமைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன்.