நாற்கரத்துக்குப் பெயர் சொல்லும் முன்

மும்பை தாராவியில் மாலை ட்யூஷனுக்கு வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தும்போதெல்லாம், நான் அந்த வயதில் செய்த தவறுகளையே பார்க்கிறேன். நாற்கரத்தின், அதாவது நான்கு பக்க உருவத்தின், நான்கு கோணங்களைக் கூட்டினால் 360° என்பதை மறப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். இரண்டு நாள் பயிற்சியில் அவை சரியாகிவிடும்.

பக்கத்தை மட்டும் பார்ப்பது

இதைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல்தான். நான்கு பக்கமும் சமமா, சதுரம். எதிர்ப்பக்கங்கள் சமமா, செவ்வகம். கோணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

கல்லூரி விடுமுறையில் மாமாவோடு டைல்ஸ் வேலைக்குப் போயிருந்தேன். ஓர் அறையை அளக்கச் சொன்னார். எதிரெதிர்ச் சுவர்கள் 12 அடிக்கு 12 அடி, 10 அடிக்கு 10 அடி. "செவ்வகம்தான் மாமா" என்றேன். என்னை நம்பி 12 அடிச் சுவரை ஒட்டி வரிசை பிடித்தார். வரிசை ஏற ஏறப் பக்கச் சுவரோரம் சந்து விரிந்துகொண்டே போனது. கடைசி வரிசையில் நாலரை அங்குலம். அப்புறம்தான் மூலைக்கு மூலை டேப் பிடித்தார். ஒரு மூலைவிட்டம் 15 அடி 11 அங்குலம், மற்றது 15 அடி 4 அங்குலம். செவ்வகமாக இருந்திருந்தால் இரண்டுமே 15 அடி ஏழரை அங்குலத்தை ஒட்டி வந்திருக்கும். மூலைகள் ஏறத்தாழ 88°, 92°. அது இணைகரம்: எதிர்ப்பக்கங்கள் இணை, ஆனால் மூலைகள் செங்கோணம் இல்லை. பெயர்த்து மறுபடி ஒட்டிய கூலி மாமாவின் கையிலிருந்து போனது.

இப்போது பிள்ளைகளிடம் நான்கு தீக்குச்சியும் சைக்கிள் வால்வு ட்யூப் துண்டுகளும் கொடுத்துச் சதுரம் செய்யச் சொல்கிறேன். ஒரு மூலையை விரலால் லேசாகத் தள்ளினால் அது சாய்ந்துவிடும். குச்சி ஒன்றின் நீளம்கூட மாறவில்லை, ஆனால் சதுரம் போய்விட்டது. மூன்று குச்சியில் செய்த முக்கோணம் அப்படி அசையாது. மூன்று பக்கம் தெரிந்தால் முக்கோணம் முடிவாகிவிடும். நான்கு பக்கம் தெரிந்தாலும் நாற்கரம் முடிவாகாது. ஒரு கோணமோ மூலைவிட்டமோ கூடவே வேண்டும்.

சாய்சதுரம் என்ற பெயரை நம்புவது

சதுரத்தை முனையில் நிற்க வைத்து வரைந்தால், "சாய்சதுரம், சதுரம் இல்லை" என்று எழுதுகிறார்கள். நோட்டைத் திருப்பிப் பாருங்கள், நான்கும் செங்கோணம்தானே! இங்கே மராத்தியில் சாய்சதுரத்துக்கு 'சமபுஜ சௌகோன்' என்று பெயர், அதாவது சமபக்க நாற்கரம். நம் சொல்லைவிட அது தெளிவு என்பது என் எண்ணம். பக்கங்கள் சமம் என்று மட்டும் சொல்கிறது, சாய்வைப் பற்றிப் பேசவில்லை.

'சதுரம் செவ்வகம் ஆகாது'

ஆகும். நான்கு கோணமும் 90° என்றால் போதும். பழங்காலக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்தார். இன்றைய பாடநூல்கள் அப்படி வைப்பதில்லை.

மூலைவிட்டம் சமம், ஆகவே செவ்வகம்

ஒரு ஜோடிப் பக்கம் மட்டும் இணையாகவும் மற்ற இரண்டு பக்கம் சமமாகவும் உள்ள இருசமபக்கச் சரிவகத்திலும் சமம்தான். ஒன்றையொன்று இருசமமாக வெட்டுகின்றனவா என்றும் பாருங்கள்.

சரிவகம்

சில நூல்கள் ஒரே ஒரு ஜோடி இணைபக்கம் என்கின்றன, சில குறைந்தது ஒரு ஜோடி என்கின்றன. தேர்வுக்கு முன் உங்கள் பாடநூலில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.